மூடியைச் சாய்த்தால் கோடு, நிமிர்த்தினால் தெளிவு: லேப்டாப் திரையில் எது போயிருக்கிறது?

மெய்ப்புக்காரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். புத்தகங்களுக்கு மெய்ப்பு பார்ப்பது என் வேலை. காலையில் உட்கார்ந்தால் ராத்திரி வரைக்கும் திரைதான். லேப்டாப் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. 15.6 அங்குலம், டச் கிடையாது.

பத்து நாளைக்கு முன்னால் திரையின் வலது பக்கம் மெல்லிசாகப் பச்சைக் கோடுகள் வர ஆரம்பித்தன, மேலிருந்து கீழாக. முதலில் இரண்டோ மூன்றோ. மறுநாள் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு. நடுநடுவே திரை முழுக்க ஒரு நடுக்கம் வந்து அடங்கும். நேற்று முன்தினம் மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தேன், பட்டென்று கறுப்பாகிவிட்டது. முன்னால் இழுத்ததும் திரும்ப வந்தது.

இதோடு வேலை பார்க்க முடியவில்லை. தமிழில் ஒரு புள்ளி எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் ஒரு பக்கத்தில் 'அவர்கள்' என்ற சொல்லில் கடைசிப் புள்ளி விடுபட்டிருந்தது. 'ள' மேலே கோட்டின் ஒரு துண்டு விழுந்து புள்ளி மாதிரியே நின்றதால் சரியாக இருக்கிறது என்று தாண்டிவிட்டேன். ஆசிரியர் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். இப்போது ஒவ்வொரு பத்தியையும் இடப்பக்கம் நகர்த்தி நகர்த்திப் படிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது.

பழுதுபார்க்கும் ஓர் இடத்துக்குக் கொண்டுபோனேன். திறக்கவே இல்லை. இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "பேனல் போச்சு, மாத்தணும்" என்றார்கள். மனசு கேட்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை, கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அப்புறம் எப்படிப் பேனல் போகும்?

நானே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? தையல் மெஷினைப் பிரித்து எண்ணெய் போட்டுத் திரும்பப் பூட்டுகிற அளவுக்குக் கை பழக்கம் உண்டு. லேப்டாப்பை மட்டும் திறந்ததில்லை.

வடக்குச்சாளரம் எழுதியது:

முதல் வேலையாக உங்கள் கோப்புகளை எல்லாம் வெளி டிரைவில் எடுத்து வையுங்கள். திரை இன்னும் கொஞ்சமாவது தெரிகிறபோதே செய்துவிடுவது நல்லது. அப்புறம் எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் செருகிப் பாருங்கள். டிவியில் படம் நன்றாக இருந்தால் இப்போதைக்கு அதிலேயே வேலையை ஓட்டலாம்.

கிராபிக்ஸ் டிரைவரை, அதாவது திரையில் படம் வரவைக்கும் மென்பொருளை, அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்தீர்களா? எனக்கு ஒருமுறை திரை நடுங்கியது அதில்தான் சரியானது.

திருப்புளி எழுதியது:

சகோதரி, பேனலுக்குப் பணம் கொடுத்துடாதீங்க. கொஞ்சம் பொறுங்க. "மூடியைச் சாய்த்ததும் கறுப்பாச்சு, இழுத்ததும் வந்துச்சு"ன்னு நீங்க எழுதின அந்த ஒரு வரியிலதான் விஷயமே இருக்கு. பத்தொன்பது வருஷமா லேப்டாப் பிரிக்கிறேன். இந்த ஒரு வரியைக் கேட்காமலே பேனலை மாத்தி, அதுவும் ஒரு மாசத்துல போயி, என்கிட்ட வந்தவங்க நிறையப் பேர். அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

படம் உங்க கண்ணுக்கு வர்றதுக்கு முன்னாடி நாலு இடத்தைத் தாண்டுது. மதர்போர்டுல கிராபிக்ஸ் சிப். அங்கிருந்து ஒரு மெல்லிசான டிஸ்ப்ளே கேபிள், ஹிஞ்சை, அதாவது மூடி திரும்பற கீலை, ஒட்டி மேல ஏறுது. மேல பேனல், அதாவது ரெண்டு கண்ணாடித் தகடும் நடுவுல திரவப் படிகமும். பேனலுக்குப் பின்னாடி வெளிச்சம் கொடுக்க எல்இடி வரிசை. இந்த நாலுல எதுன்னு ஒண்ணொண்ணா விலக்கிக்கிட்டே வந்தா கடைசில ஒண்ணுதான் மிஞ்சும். முதல் சுத்துக்கு எந்தக் கருவியும் வேணாம், திறக்கவும் வேணாம்.

கோடு தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்க. அதை போனுக்கு அனுப்பி போன்ல பாருங்க. படத்துலயே கோடு இருந்தா கிராபிக்ஸ் சிப் இல்ல டிரைவர். போன்ல சுத்தமா இருந்தா சிப் சரியான படத்தைத்தான் உருவாக்குது, வழியில எங்கயோ கெட்டுப்போகுதுன்னு அர்த்தம். நண்பர் சொன்ன டிவி சோதனையும் இதே கேள்விக்குத்தான் பதில் சொல்லும், ரெண்டையும் பண்ணிடுங்க. டிரைவரை அழிக்கறதுக்கு முன்னாடி, லேப்டாப்பை ஆன் பண்ணி, விண்டோஸுக்கு முன்னாடி வர்ற அமைப்புப் பக்கமான பயாஸுக்குப் போய்ப் பாருங்க. அங்க விண்டோஸே இன்னும் ஆரம்பிக்கலை, அதோட டிரைவரும் கிடையாது. அந்த நீலமோ கறுப்போ இருக்கிற பக்கத்துலயும் கோடு வந்தா டிரைவரை மறந்துடலாம்.

அடுத்தது வெளிச்சம். மூடியைச் சாய்ச்சு திரை கறுப்பானதும் அப்படியே விட்டுட்டு, அறை விளக்கை அணைங்க. போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கவாட்டுல, சாய்வாப் பிடிச்சுப் பாருங்க. உள்ள மங்கலா உங்க பக்கம் தெரியுதா? எழுத்து, ஐகான் ஏதாவது? தெரிஞ்சா படம் வருது, வெளிச்சம் மட்டும் வரலை. ஒண்ணுமே தெரியலைன்னா படமும் வரலை. இது பின்னாடி விளக்கு இருக்கிற எல்சிடி திரைக்கு மட்டும்தான். ஓஎல்இடி திரைல ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், பின்னாடி விளக்குன்னு தனியா கிடையாது.

மூணாவது, கோணம். மூடியை ரெண்டு கையாலயும் நடுவுல பிடிச்சு, பாதி மூடின நிலையில இருந்து ரொம்ப மெதுவாத் திறந்துக்கிட்டே போங்க. எந்த இடத்துல கோடு வருது, எந்த இடத்துல கறுப்பாகுதுன்னு குறிச்சுக்கோங்க. மூணு தடவை பண்ணுங்க. மூணு தடவையும் அதே இடம்தான்னா அது முக்கியமான தடயம்.

கடைசியா, திரையைச் சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் சட்டம், நாங்க பெசல்னு சொல்லுவோம், அதோட கீழ் ஓரத்தை விரல் நுனியால லேசாத் தொட்டு அழுத்துங்க. காலிங் பெல் அடிக்கிற அளவு அழுத்தம்கூட வேணாம். பேனலோட கீழ் ஓரத்துலதான் நெடுக்கு வரிசைகளுக்கு சிக்னல் கொடுக்கிற சிப்புகள் ஒட்டியிருக்கும். அந்த ஒட்டு விட்டிருந்தா தொட்டதும் கோடு கூடும், குறையும், ஆனா மூடிக் கோணத்தைப் பத்திக் கவலைப்படாது. அப்படி ஒட்டு விட்ட பேனல்ல வர்ற கோடு பெரும்பாலும் ஒரே இடத்துல, ஊசியால கீறின மாதிரி அசையாம நிக்கும். நாளுக்கு நாள் அகலமாகி, நடுங்கி, கோணத்துக்குத் தகுந்தபடி ஆட்டம் காட்டறது கேபிளோட குணம்.

உங்க லேப்டாப் டெல்லா இருந்தா இன்னொண்ணு இருக்கு. அணைச்சிட்டு, டி விசையை அழுத்திக்கிட்டே பவர் பட்டனை அழுத்துங்க. திரை முழுக்க ஒவ்வொரு நிறமா மாறி மாறி வரும். அதுலயே கோடு தெரிஞ்சா திரைப் பக்கம்தான் கோளாறுன்னு உறுதியாகும்.

ஒரு கேள்வி. மூடியைத் திறக்கும்போது ஏதாவது சத்தம் வருதா? ஹிஞ்ச் பக்கம் பெசல் வாய் பிளக்குதா? பார்த்துச் சொல்லுங்க.

மெய்ப்புக்காரி எழுதியது:

திருப்புளி அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. கோப்புகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டேன், வடக்குச்சாளரம் அவர்களுக்கும் நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

ஸ்கிரீன்ஷாட் போனில் சுத்தமாக இருக்கிறது. டிவியிலும் சுத்தம். பயாஸில் கோடு இருக்கிறது, நீலப் பின்னணியில் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. என்னுடையது டெல் இல்லை.

டார்ச் சோதனையில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கறுப்புத் திரைக்குள்ளே நான் படித்துக்கொண்டிருந்த பக்கம் அப்படியே இருந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி. தலைப்பைக்கூடப் படிக்க முடிந்தது. அப்படியானால் படம் வருகிறது, வெளிச்சம் மட்டும் போகிறது, அப்படித்தானே?

கோணம்: செங்குத்தாக நிற்கிறவரைக்கும் கோடு ஒன்றிரண்டுதான். அதைத் தாண்டிக் கொஞ்சம் சாய்ந்ததும் விரல் அகலக் கோடு. இன்னும் ஒரு கட்டைவிரல் தூரம் சாய்த்தால் கறுப்பு. மூன்று தடவையும் அதே இடம். கீழ் ஓரத்தைத் தொட்டதில் எந்த மாற்றமும் இல்லை.

சத்தம் பற்றிக் கேட்டீர்களே, அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னாலிருந்தே திறக்கும்போது வலது பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம். இப்போது உற்றுப் பார்த்தால், மூடியைத் திறக்கும்போது வலது ஹிஞ்சுக்கு மேலே பெசலுக்கும் பின்மூடிக்கும் நடுவில் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி விரிகிறது. மூடினால் சேர்ந்துகொள்கிறது.

திருப்புளி எழுதியது:

கிடைச்சிடுச்சு.

ஸ்கிரீன்ஷாட்டும் டிவியும் சுத்தம், அதனால சிப் இல்ல. பயாஸ்ல கோடு, அதனால டிரைவர் இல்ல. கீழ் ஓரம் தொட்டு மாறலை, கோணத்துக்கு மாறுது, அதனால பேனல் இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. படத்தோட சிக்னலும் விளக்குக்குப் போற கரண்டும் ஒரே கேபிள்லதான் போகுது. கோடு வர்றதும் வெளிச்சம் போறதும் ஒரே கோணத்துக்குப் பக்கத்துல பக்கத்துல நடக்குதுன்னா, ரெண்டும் சேர்ந்து போற இடம் அது ஒண்ணுதான்.

ஆனா கேபிள் ஏன் போச்சு? இதைக் கேட்காம கேபிளை மட்டும் மாத்தினா புதுசும் போகும். அந்த 'டிக்' சத்தம்தான் காரணம். ஹிஞ்சோட இரும்புத் தகட்டைப் பின்மூடில ஸ்க்ரூ போட்டுப் பிடிச்சிருப்பாங்க. அந்த ஸ்க்ரூ இறங்கறது சின்னப் பித்தளை நட்டுல. நட்டு பிளாஸ்டிக்ல பதிஞ்சிருக்கும். நாள் ஆக ஆக ஹிஞ்ச் இறுகிப் போகும். நாம திறக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த இறுக்கம் முழுக்க நட்டு மேல விழும். ஒருநாள் பிளாஸ்டிக்கோட பிடுங்கிட்டு வந்துடும். அப்புறம் திறக்கும்போதெல்லாம் ஹிஞ்ச் தகடு தூக்கி, பக்கத்துல போற கேபிளை நசுக்கும். ஒரு மூலையைப் பிடிச்சு ஒத்தைக் கையால திறக்கிறவங்களுக்கு அந்தப் பக்க ஹிஞ்ச் சீக்கிரம் போகும். நீங்க வலது கையால வலது மூலையைப் பிடிச்சுத் திறப்பீங்கன்னு நினைக்கிறேன்.

இனிமே சரி பண்ற வரைக்கும் மூடியை மூடாதீங்க, செங்குத்தா நிறுத்தி அப்படியே விடுங்க. பிளக்கிற பெசல் பேனலோட ஓரத்தை நெம்பினா, நல்லா இருக்கிற கண்ணாடியும் விரிசல் விடும். அப்போ உண்மையாவே பேனல் மாத்த வேண்டி வரும்.

திறக்கத் தயாரா இருந்தா சொல்லுங்க.

ஈரமண் எழுதியது:

திறப்பதற்கு முன்னால் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து படியுங்கள்.

இதே மாதிரி கேபிளைக் கழற்றிச் செருகினேன். சார்ஜரைப் பிடுங்கியிருந்தேன், லேப்டாப் அணைந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே இருக்கிற பேட்டரியின் இணைப்பைக் கழற்றவில்லை. அணைந்திருந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். கேபிளைச் செருகும்போது கொஞ்சம் கோணலாகப் போயிற்று, அவ்வளவுதான். பொறி பறக்கவில்லை, புகை வரவில்லை. ஆன் செய்தால் திரை இருட்டு. டார்ச் அடித்தால் உள்ளே படம் தெரிந்தது. கேபிள் கோளாறோடு ஆரம்பித்தவன் விளக்கையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டேன்.

அந்த இணைப்பில் ஊசிகள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக இருக்கின்றன. சில ஊசிகளில் வெறும் சிக்னல், சிலவற்றில் விளக்குக்கான மின்சாரம், அது ஏறக்குறைய பேட்டரியின் முழு வோல்டேஜ். கோணலாகச் செருகியதில் அது பக்கத்து ஊசியைத் தொட்டிருக்கிறது. மதர்போர்டில் அந்த இணைப்புக்குப் பக்கத்தில் கடுகு அளவுக்கு ஒரு ஃபியூஸ் இருந்தது. மல்டிமீட்டரைப் பீப் ஒலி வைக்கிற நிலையில் வைத்து அதன் இரண்டு முனையிலும் தொட்டேன், சத்தமே இல்லை. பிறகு சால்டர் தெரிந்த ஒருவர் ஃபியூஸை மாற்றிக் கொடுத்தார், விளக்கு வந்தது. ஃபியூஸோடு நின்றது என் நல்ல நேரம். சிப் போயிருந்தால் மதர்போர்டே போயிருக்கும்.

பேட்டரியைத்தான் முதலில் கழற்ற வேண்டும். வேறெதையும் தொடுவதற்கு முன்னால்.

திருப்புளி எழுதியது:

ஈரமண் சொன்னதை அப்படியே எடுத்துக்கோங்க. நானும் அதைத்தான் முதல் வரியா எழுத இருந்தேன்.

சார்ஜரைப் பிடுங்கி, முழுசா அணைச்சு, லேப்டாப்பைத் துணி மேல கவிழ்த்துங்க. அடிமூடி ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் இருக்காது. ஒரு தாள்ல லேப்டாப் மாதிரி கட்டம் வரைஞ்சு, எடுத்த ஸ்க்ரூவை அதே இடத்துல குத்தி வையுங்க. குட்டை ஸ்க்ரூ இடத்துல நீளமானதைப் போட்டு முறுக்கினா கீபோர்டு பக்கம் முட்டிக்கிட்டு வெளிய வந்துடும். ரப்பர் காலுக்கு அடியிலயும் ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கலாம், மூடி வரலைன்னா பலம் போடாம அங்க தேடுங்க. மூடியைப் பிரிக்க இரும்பு வேணாம், பழைய பிளாஸ்டிக் அட்டை போதும்.

திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழட்டுங்க. அப்புறம் பவர் பட்டனை ஒரு பதினஞ்சு இருபது விநாடி அழுத்திப் பிடிங்க, மிச்சம் இருக்கிற கரண்டு வடியட்டும். அதுக்கப்புறம் மேல் பக்கம். பெசலோட உள் ஓரத்துல, அதாவது திரை பக்கமா, நகத்தை விட்டு மெதுவா வெளிய இழுத்தா கிளிப் ஒண்ணொண்ணா 'டக் டக்'னு விடும். வாய் பிளந்த வலது ஹிஞ்சுக்கிட்ட இருந்தே ஆரம்பிங்க.

பேனல் ஸ்க்ரூல பிடிச்சிருக்கலாம். ஸ்க்ரூவே இல்லாம பின்னாடி ரெண்டு நீள டேப்ல ஒட்டியும் இருக்கலாம். டேப்பா இருந்தா கீழ நாக்கு மாதிரி ஒரு நுனி நீட்டிக்கிட்டு இருக்கும். அதைப் பிடிச்சுக் கீழ்நோக்கி, பேனலுக்கு இணையா, ரொம்ப நிதானமா இழுங்க. சூயிங்கம் மாதிரி நீண்டுக்கிட்டே வரும். அவசரப்பட்டா அறுந்துடும், அறுந்தா பேனலை நெம்ப வேண்டி வரும், அதுலதான் கண்ணாடி உடையும். பேனலைக் கீபோர்டு மேல துணி விரிச்சுக் கவிழ்த்து வைங்க. இணைப்பு மேல ஒட்டியிருக்கிற டேப்பை உரிச்சு, சின்ன இரும்புக் கொக்கி இருந்தா தூக்கிவிட்டு, கேபிளைப் பேனலோட தளத்துலயே பின்னால இழுங்க. மேல்நோக்கித் தூக்காதீங்க.

அப்புறம் கேபிளை ஹிஞ்ச் கிட்ட பாருங்க. நான் சொல்றதைவிட உங்க கண்ணே சொல்லும்.

கண்ணாடிமழை எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் திரைப் பிரச்சினைதான். கீபோர்டு மேலே பேனா இருந்ததைப் பார்க்காமல் மூடிவிட்டேன். சிலந்தி வலை மாதிரி விரிசல், நடுவில் மை கொட்டிய மாதிரி கறுப்பு. நேற்று ஒரு பட்டாணி அளவு இருந்தது, இன்று உள்ளங்கை அளவு. இதை ஒட்டி, அழுத்தி ஏதாவது செய்ய முடியுமா?

திருப்புளி எழுதியது:

கண்ணாடிமழை, உங்களோடது உறுதியா பேனல்தான், ஒட்டறதுக்கு வழி கிடையாது. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல இருக்கிற திரவப் படிகம் கசியுது, அதான் கறுப்புப் பரவுது. அழுத்த அழுத்த வேகமாப் பரவும். மேல விரிசல் விரலுக்குத் தட்டுப்பட்டா செலோடேப் ஒட்டி வைங்க, தூள் கண்ணாடி கையில ஏறும். ஈரம் ஏதாவது பட்டா சோப்புப் போட்டுக் கழுவிடுங்க.

புதுசு வாங்கும்போது லேப்டாப் மாடல் பேரை மட்டும் நம்பி வாங்காதீங்க. ஒரே மாடல்லயே வேற வேற கம்பெனிப் பேனல் போட்டிருப்பாங்க. பழைய பேனலை வெளிய எடுத்து, முதுகுல இருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க. பிஓஇ, ஏயுஓ, எல்ஜி, இன்னோலக்ஸ் இப்படி ஏதாவது ஒரு பேரும், நீளமா ஒரு எண்ணும் இருக்கும். அதுல 156ன்னு வந்தா 15.6 அங்குலம், 140ன்னு வந்தா 14. அந்த எண்ணை எழுத்து மாறாம எழுதிக்கிட்டு அதையே கேளுங்க. அது கிடைக்காம வேற வாங்கினா அளவு, 1920க்கு 1080ங்கிற மாதிரி புள்ளி எண்ணிக்கை, 30 ஊசியா 40 ஊசியா, இணைப்பு இடப்பக்கமா வலப்பக்கமா, ஓரத்துல ஸ்க்ரூ போட காது இருக்கா இல்லையா, எல்லாம் பொருந்தணும்.

1366க்கு 768 திரையை எடுத்துட்டு 1920க்கு 1080 போடலாம்னு பலரும் ஆசைப்படுவாங்க. பேனல் பொருந்தும், படம் பெரும்பாலும் வராது. குறைஞ்ச புள்ளிக்கு ஒரு ஜோடி சிக்னல் கம்பி போதும், கூடுதல் புள்ளிக்கு ரெண்டு ஜோடி வேணும். பழைய கேபிள்ல பெரும்பாலும் அந்த ரெண்டாவது ஜோடியே போட்டிருக்க மாட்டாங்க. அப்படின்னா கேபிளையும் சேர்த்து மாத்தணும்.

புதுப் பேனலைப் பூட்டறதுக்கு முன்னாடி, செருகி, சுவத்துல சாய்ச்சு வெச்சு, ஆன் பண்ணி முழு வெள்ளை, முழுக் கறுப்பு ரெண்டும் பாருங்க. அதுவரைக்கும் மேல இருக்கிற பாதுகாப்புத் தாளை உரிக்காதீங்க, உரிச்சா திருப்பி எடுத்துக்க மாட்டாங்க.

மெய்ப்புக்காரி எழுதியது:

திறந்துவிட்டேன்! மூன்று மணி நேரம் ஆயிற்று, அதில் ஒரு மணி நேரம் அந்த டேப்பை இழுத்தது. மூச்சுவிடாமல் இழுத்தேன். இரண்டும் அறுபடாமல் வந்துவிட்டன.

பெசலை எடுத்ததுமே ஒரு சின்னத் துண்டு கீபோர்டு மேல் உருண்டு விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். மிளகு அளவுக்குப் பித்தளை நட்டு, வெளிப்பக்கம் கோடு கோடாகச் செதுக்கியது, அதைச் சுற்றி உடைந்த கறுப்பு பிளாஸ்டிக் ஒரு வளையம்போல ஒட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் எழுதியது அப்படியே என் உள்ளங்கையில் இருந்தது, அண்ணா. இன்னொரு நட்டும் இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

கேபிள்: கறுப்புத் துணி டேப் சுற்றியிருக்கிறது. ஹிஞ்ச் திரும்புகிற இடத்தில் ஒரு விரற்கடை தூரத்துக்கு டேப் தேய்ந்து, பளபளவென்று ஆகி, ஓர் இடத்தில் பிய்ந்தே போயிருக்கிறது. உள்ளே தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனாகக் கம்பிகள். அதில் ஒன்றின் மேல்தோல் கிழிந்து செம்பு தெரிகிறது. இன்னொன்று மடங்கி நசுங்கியிருக்கிறது. ஊக்கின் முனையால் தொடக்கூடப் பயமாக இருந்தது.

இதை சால்டர் வைத்து ஒட்ட முடியுமா? புதுக் கேபிள் வாங்கத்தான் வேண்டுமா?

திருப்புளி எழுதியது:

ஒட்ட வேணாம். வேகமான சிக்னல் போற கம்பி, ஒவ்வொண்ணுக்கும் மேல தனி உறை உண்டு. ஒட்டினா அந்த இடத்துல மறுபடி கோடு வரும், ஹிஞ்ச் பக்கத்துல முடிச்சு இருந்தா மறுபடி நசுங்கும். கேபிள் பேனலைவிட ரொம்ப மலிவுதான். மதர்போர்டு முனைக்குப் பக்கத்துல கேபிள் மேல ஒரு குட்டி ஸ்டிக்கர் இருக்கும், சிலதுல டிசி02ன்னு ஆரம்பிக்கும். அந்த எண்ணை வெச்சு வாங்குங்க.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கடைசி உறுதி. கேபிளை ஹிஞ்சோட பள்ளத்துல இருந்து வெளிய எடுத்து, எங்கயும் மடங்காம தளர்வா விட்டு, ரெண்டு முனையும் நேரா செருகுங்க. செம்பு தெரியற இடத்துல முதல்ல இன்சுலேஷன் டேப் சுத்திடுங்க. பேட்டரியைக் கடைசியாச் செருகி ஆன் பண்ணிப் பாருங்க. கோடு குறைஞ்சா, இல்ல கேபிளை நகர்த்த நகர்த்த மாறினா, அப்புறம் சந்தேகமே வேணாம்.

ஹிஞ்சுக்கு: உடனடியா ஒட்டற பசை வேண்டவே வேணாம். அது தண்ணி மாதிரி ஓடி ஸ்க்ரூ மரையில இறங்கும், ஆவி பட்டுப் பக்கத்துல எல்லாம் வெள்ளை பூக்கும், காய்ஞ்சா அப்பளம் மாதிரி நொறுங்கும். ரெண்டு குழாய்ல வந்து கலந்து தடவற எப்பாக்ஸி வாங்குங்க. உடைஞ்ச இடத்தை உப்புத்தாளால தேய்ச்சுச் சொரசொரப்பாக்குங்க. நட்டு உள்ள ஒரு ஸ்க்ரூவை லேசா எண்ணெய் தடவி மாட்டி, அந்த நிலையிலயே நட்டை இடத்துல வெச்சு, சுத்திலும் எப்பாக்ஸியைக் குவிச்சு விடுங்க. 24 மணி நேரம் தொடாதீங்க. பின்மூடியே தனியாக் கிடைச்சா அதை மாத்தறது இன்னும் நல்லது.

ரொம்ப முக்கியம்: ஹிஞ்ச் தண்டு முனைல ஒரு நட்டு இருக்கும். அதைக் கால் சுத்து தளர்த்துங்க. இந்த இறுக்கம்தான் மூல காரணம். தளர்த்தாம ஒட்டினா திரும்பவும் பிடுங்கும். மூடியைத் திறந்தா சொன்ன இடத்துல நிக்கணும், ஆனா அடிப்பாகம் மேசையை விட்டுத் தூக்கக் கூடாது. அதுதான் அளவு.

மெய்ப்புக்காரி எழுதியது:

எட்டு நாள் கழித்து எழுதுகிறேன். கேபிள் வருவதற்குத் தாமதமானது.

தளர்வாக விட்டு ஆன் செய்தபோதே கோடு முழுக்க மறைந்தது. கேபிளை விரலால் மெல்ல வளைத்தேன், உடனே பச்சை. விட்டதும் போய்விட்டது. அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை.

பின்மூடி கிடைக்கவில்லை, எப்பாக்ஸிதான். ஒரு பகல் ஒரு இரவு தொடவில்லை. ஹிஞ்ச் நட்டைக் கால் சுற்று போதவில்லை, அடிப்பாகம் இன்னும் தூக்கியது. இன்னொரு கால் சுற்று தளர்த்தியதும் சரியாக நிற்கிறது. புதுக் கேபிளைப் பழையது போன தடத்திலேயே படிய வைத்தேன், ஹிஞ்ச் பக்கம் மட்டும் ஒரு நூல் தளர்ச்சி விட்டேன். பேட்டரியைக் கடைசியாகச் செருகினேன், ஈரமண் அவர்களே, கை நடுங்கியது.

கோடு இல்லை, நடுக்கம் இல்லை, எவ்வளவு சாய்த்தாலும் கறுப்பாவதில்லை. 'டிக்' சத்தமும் இல்லை. முதல் வேலையாக, திருப்பி அனுப்பப்பட்ட அந்த 'அவர்கள்' இருந்த அத்தியாயத்தைத் திரும்ப எடுத்து வலது ஓரம் மட்டும் வரிவரியாகப் படித்தேன். விடுபட்ட புள்ளி இன்னும் மூன்று கிடைத்தன. திருத்தி ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். கறுப்புப் பின்னணி வைத்தால் கீழே இடது ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் எப்போதும் சிவப்பாக இருக்கிறது. இதுவும் நான் பிரித்ததால் வந்ததா?

திருப்புளி எழுதியது:

ரொம்ப சந்தோஷம், சகோதரி. நல்லாப் பண்ணியிருக்கீங்க.

அந்தச் சிவப்புப் புள்ளிக்கும் நீங்க பிரிச்சதுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. ஒரு புள்ளிக்குள்ள சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு கண் இருக்கும், அதுல சிவப்பு மட்டும் திறந்தே மாட்டிக்கிச்சு. கோடு இருந்தவரை உங்க கண்ணு அங்க போயிருக்காது. ஒண்ணு ரெண்டா இருந்தா விட்டுடுங்க. துணியால அழுத்தித் தேய்ச்சா சரியாகும்னு யாராவது சொன்னா செய்யாதீங்க, பக்கத்துல வெள்ளைத் திட்டு விழுந்துடும். ஒரு மாசம் கழிச்சு அடிமூடியைத் திறக்காமலே ஹிஞ்ச் பக்கம் பெசல் இடைவெளியை மட்டும் நகத்தால ஒரு தடவை பார்த்துடுங்க. மூடியை நடுவுல பிடிச்சுத் திறங்க.